அரைப் பிட்டா

நான்கு எள்ளுப் பிட்டா நாற்பது ரூபாய். முப்பத்தெட்டுக்குக் கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டு, பதுமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்பதையே எண்ணி வைத்துப் போனவர்களும் அவர்கள்தான். அரிசி மாவில் எள்ளும் வெல்லமும் வைத்துச் சுருட்டிய பிட்டாவில் நான்கை வாழை இலையில் நெருக்கி அடுக்கி, நாரால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் ஒரு கண்டா. ஐந்தாவது என்ற ஒன்று அவள் கூடையில் கிடையாது. யாராவது கொசுறு கேட்டால், "அம்மா வீட்டுக்குப் போங்க. அங்கதான் எண்ணாம குடுப்பாங்க" என்பாள்.

ஊருக்கு அவள்மேல் இருந்த கடுப்பே அதுதான். பிட்டா என்ன எண்ணிக் கொடுக்கிற பொருளா? பிஹுப் பண்டிகை அன்று வாசலில் யார் வந்து நின்றாலும் தட்டில் வைத்து நீட்டுவது. போதும் என்றவனுக்கு இன்னும் இரண்டை வைப்பது. கட்டிக் கொடுத்த பெண்ணின் வீட்டுக்குப் பாத்திரம் தளும்ப அனுப்புவது. அதைச் சந்தையில் சாக்கு விரித்து விலை போட்டு விற்க உட்கார்ந்த முதல் நாள், அவளுடைய ஓரகத்தி ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரத்தையும் பதுமி லாபத்தில் சேர்த்துக்கொண்டாள்.

இன்று உருகா. விடிந்தால் மாக் பிஹு. தியோக் சந்தையில் காலை வைக்க இடமில்லை. ஊரில் பாதிப் பேர் மீனுக்கும் மீதிப் பேர் வாத்துக்கும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பதுமியின் கூடையில் கடைசிக் கட்டு இருந்தபோது, விடியலில் கொளுத்துகிற மேஜி கோபுரத்துக்கு மூங்கில் ஏற்றிக்கொண்டு போன பையன்களில் ஒருவன் வண்டியை நிறுத்தினான்.

"அத்தை, நாளைக்கு உங்க வீட்டுப் பிட்டா ஊருக்கே சும்மாவாமே? ஹோலிராம் மாமா சொன்னாரு."

"அவரு சொல்லுவாரு. மாவு இடிக்க டேக்கி மிதிக்கிறது என் காலு."

"வயித்தைக் காலியா வச்சுக்கிட்டு வாங்கடான்னாரு அத்தை."

"காலியாவே திரும்பிப் போவீங்க. வண்டியை எடு, வியாபாரத்தை மறைக்காத."

பையன்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. புருஷன் தன்னை வைத்து ஊரில் வேடிக்கை பேசுகிறான் போலிருக்கிறது, இன்று ராத்திரி கேட்க வேண்டும் என்று மனதில் முடிந்துகொண்டாள்.

கடைசிக் கட்டு ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் போயிற்று. கூடையைக் கவிழ்த்துத் தட்டும்போதுதான் ரெபதியை இன்று காணோமே என்று நினைவு வந்தது. புது அரிசி வந்து ஒரு மாதமாகச் சந்தை தவறாமல், எல்லோரும் சாக்கைச் சுருட்டுகிற நேரத்தில், ரெபதி வந்து நிற்பாள். பக்கத்து வீட்டுக்காரி, விதவை, தனிக்கட்டை. மிஞ்சிக் கிடக்கும் கடைசிக் கண்டாவை எடுத்துக்கொண்டு நாற்பது ரூபாயை வைத்துவிட்டுப் போவாள். ஒரு வார்த்தை பேரம் கிடையாது. உப்புப் பொட்டலத்தைக் குலுக்கிப் பார்த்து இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்கிற பொம்பளை அவள். அப்படிப்பட்டவள் சொன்ன விலைக்கு வாங்குகிறாள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பதுமிக்கு அப்போதே உறைத்தது. ஆனால் நாற்பது நாற்பதுதானே. கேட்டு வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வானேன்?

கையில் காசோடு மீன்காரன் ஹஸ்மத்திடம் போனாள். நடுத்தர ரோகு ஒன்று. நானூறு என்றான். முந்நூற்று இருபது என்றாள்.

"உருகா அன்னைக்கு இந்த விலைக்குக் கேட்டா மீனே சிரிக்கும் அத்தை."

"செத்த மீன் சிரிச்சா எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கும். செவுளைக் காட்டு."

முந்நூற்று நாற்பதில் முடிந்தது. செதில் சீவி, தலையைத் தனியாக வெட்டி, பையில் போட்டுக் கொடுத்தான். அப்போதுதான் கொழுந்தன் திம்பேஸ்வர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"அண்ணி, வீட்டுக்கு வாங்க."

"என்ன, பணமா? இன்னும் எண்ணக்கூட இல்ல."

"அண்ணன்..."

"சுகர் ஏறிடுச்சா? காலையில மாத்திரை எடுத்து வச்சுட்டுத்தானே வந்தேன்?"

திம்பேஸ்வர் அவளைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தான். "மீன் வேணாம் அண்ணி" என்றான்.

ஹஸ்மத் கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டான். முந்நூற்று நாற்பதையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். வெட்டுக்கூலி பிடிக்கவில்லை. வெட்டிய மீனைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுக் காசைக் கொடுக்கிற மீன்காரனை இத்தனை வருஷச் சந்தையில் அவள் பார்த்ததில்லை. புருஷன் செத்துப்போனது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, காலிக் கூடையை மடியில் கவிழ்த்துக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "எங்க?" என்று கேட்டாள்.

"பாக்கு மரத்தடியில. நம்ம வேலிக்கும் ரெபதி அக்கா வேலிக்கும் நடுவுல. உக்காந்த மாதிரியே இருந்தாரு. அக்காதான் முதல்ல பாத்துச் சத்தம் போட்டாங்க."

வயலில் பையன்கள் எழுப்பிய மேஜி கோபுரம் தெரிந்தது. அதைத் தாண்டினார்கள். பிறகு கேட்டாள்:

"போகும்போதா, வரும்போதா?"

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. மிதி."

முற்றத்தில் துளசிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, வடக்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். மருந்துக்கடைக் கலிதா பக்கத்தில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். வழிவிட்டவர்கள் அவள் விழுந்து அழுவாள் என்று காத்திருந்தார்கள். பதுமி உட்கார்ந்து, புருஷனின் முகத்தைப் பார்த்தாள். மீசையில் வலது பக்கம் ஓர் எள் ஒட்டிக்கொண்டிருந்தது.

கறுப்பு எள். வறுத்தது.

ஆறு வருஷமாக இந்த வாய்க்குள் இனிப்பு போகவில்லை. கலிதாவே சொன்னதுதான்: வெல்லம் இவருக்கு விஷம். அன்றிலிருந்து பிட்டா டின்னுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி அவள் இடுப்பில். ஒரு பண்டிகைக்கு, ஒரு கல்யாணத்துக்கு, ஒரு கடி கொடுத்ததில்லை. சந்தைக்குப் போகும்போது கூடைக்குள் எட்டிப் பார்ப்பார். "வாசனை பாக்கக் காசு உண்டா?" என்பார். அவ்வளவுதான்.

ஈரத்துணி கேட்டு வாங்கி வாயைத் துடைத்தாள். சுற்றியிருந்த பெண்கள் 'ச்சொ' கொட்டினார்கள். அவள் உதட்டை லேசாக விலக்கிப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லிடுக்கிலும் எள் இருந்தது.

"நெஞ்சுதான்" என்றார் கலிதா. "வலிச்சிருக்கும், உக்காந்திருப்பாரு. ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு."

"இனிப்பு தின்னா இப்படி ஆகுமா?"

"என்ன இனிப்பு?"

"சும்மாக் கேட்டேன்."

"இன்னைக்குத் தின்னு இன்னைக்குப் போக இது என்ன எலி மருந்தா? நெஞ்சும்மா."

அவரையும் அவள் நம்பவில்லை. ஊசிக்கும் பொய்தான் சொல்வார், வலிக்காது என்று.

இடுப்பில் கட்டியிருந்த பழைய கமோசாத் துண்டின் மடிப்பில் ஏதோ தடித்திருந்தது. துணியைச் சரிசெய்கிற சாக்கில் கையை விட்டாள். பாதிப் பிட்டா. கடித்த பாதி போக மீதி. உள்ளங்கைக்குள் மறைத்து, சமையலறைப் பக்கம் எடுத்துப் போய், கள்ளநோட்டைப் பார்ப்பது மாதிரி வெளிச்சத்தில் பிடித்தாள்.

மெல்லிசாக, கரண்டி பட்ட தழும்பு இல்லாமல், வெள்ளையாகச் சுருண்டிருந்தது. ஊரில் மற்றவர்கள் சுருட்டுவது வெற்றிலைப் பொட்டலம் மாதிரி இருக்கும், நுனியில் எள் கொட்டும். அவள் மட்டும் கல்லில் இருக்கும்போதே இரண்டு நுனியையும் நகத்தால் அழுத்திவிடுவாள். இதன் நுனியில் அந்தப் பிறை இருந்தது. அவள் நகம்.

அவளுடைய பிட்டா. அப்படியானால் திருடியது யார்? சாவி இடுப்பில் இருக்கிறது. டின்னில் இருந்ததெல்லாம் இன்று விடியற்காலை கூடைக்குப் போயிற்று, கூடையில் இருந்ததெல்லாம் கண்முன்னால் விற்றது. ஒரு மாதத்துக்கு முன் காணாமல் போனது காலி டின் ஒன்றுதான், மயில் படம் போட்ட பிஸ்கட் டின். அதற்கு ஓரகத்தியோடு போட்ட சண்டை இன்னும் தீரவில்லை. ஆக, திருட்டில்லை. யாரோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். வாங்கி, ஊட்டியிருக்கிறார்கள்.

பாதிப் பிட்டாவை மேலே போர்த்தியிருந்த சாதரின் தலைப்பில் முடிந்துகொண்டு, சந்தையில் தன்னிடம் வாங்கியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஆகவில்லை. வாசலில் எல்லோரையும்விட உரக்க அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள் ரெபதி.

தெருவில் போகிறவன் கேட்டால் ரெபதிதான் தாலியறுத்தவள் என்று நினைப்பான். மார்பில் அடித்துக்கொண்டாள். "நான் வேணாம்னு சொன்னேனே, சொன்னேனே" என்று அரற்றினாள். என்ன வேண்டாமென்று சொன்னாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பதுமி அவளுடைய வாயையே பார்த்தாள். முன்பக்கம் இரண்டு பல், பக்கத்தில் நாலைந்து. வெற்றிலை பாக்கைக்கூடச் சின்ன உரலில் இடித்துத்தான் போடுவாள். அந்த வாய்க்கு வாரம் இரண்டு சந்தைக்கும் நாலு நாலாக எள்ளுப் பிட்டா எதற்கு?

பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"இவ ஏன் அழல?"

"பிட்டாவை எண்ணி விக்கிறவடி. கண்ணீரையும் எண்ணித்தான் விடுவா."

பதுமி வேலிப் பக்கம் நடந்தாள். பாக்கு மரத்தடியில் அவருடைய ரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது. இன்னொன்று ரெபதியின் படலுக்கு வெளியே, ஓரடி தள்ளி. இரண்டின் மூக்கும் தன் வீட்டைப் பார்த்திருந்தன.

வரும்போதுதான்.

கடந்த ஒரு மாதத்தில் கணக்கில் உதைத்ததெல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றது. பாக்கு விற்ற காசு குறைந்தது. கேட்டபோது, "பாக்கு விலை விழுந்துபோச்சு" என்றார். வியாபாரி அப்படி ஒன்றும் விழவில்லை என்று சொன்னான். சாராயமோ சீட்டோ என்று அவள் மோந்தும் பார்த்தாள், சட்டைப் பையைத் துழாவியும் பார்த்தாள். பக்கத்து வீட்டை நினைக்கவில்லை. அறுபதைத் தாண்டிய கிழவனை யார் சந்தேகிப்பார்கள்? அந்த இடத்தில்தான் ஏமாந்தாள். நல்ல சரக்கு என்று பிரித்துப் பார்க்காமல் வாங்கிய மூட்டையில்தான் எப்போதும் கல் இருக்கும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனிடமிருந்து போன் வந்தது. அழுதான். ரயிலில் வந்து சேர மூன்று நாளாகும் என்றான். "சித்தப்பாவே கொள்ளி வைக்கட்டும்மா" என்றான். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டான். "உக்காந்து" என்றாள்.

மூங்கில் பாடை தயாராகிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும், நாளைக்கு மேஜி கொளுத்த வேண்டிய ஊர் என்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். திம்பேஸ்வர் உள்ளே வந்தான்.

"அண்ணி, தறியிலிருந்து புதுசா அறுத்த கமோசா ஒண்ணு இருக்காமே. எடுத்துக் குடுங்க, மேல போர்த்திடலாம்."

"பழசு போதும்."

"பிஹுவுக்குன்னு அவருக்குத்தானே அண்ணி நெய்தீங்க?"

"பழசு போதும்னேன்."

திம்பேஸ்வர் வாசல்வரை போய்த் திரும்பினான். "மூணாம் நாளைக்கு எள்ளு வேணும். இருக்கா?"

"எள்ளுக்கு இந்த வீட்டுல என்ன பஞ்சம்?" என்றாள் பதுமி. அவள் குரல் அவனைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். போய்விட்டான்.

அந்தக் கமோசாவைப் பெட்டியிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்பதை ரெபதியின் வாய்தான் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இந்த ஆளைச் சுடுகாட்டுக்கு அனுப்பினால், நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பது? சாம்பலிடமா?

ரெபதி தண்ணீர்க் குடம் எடுத்து வர வீட்டுக்குப் போனதைப் பார்த்தாள். பின்னாலேயே போனாள். படலைத் திறந்து, கூப்பிடாமல், நேரே சமையலறைக்குள் நுழைந்தாள்.

அடுப்புக்கு மேலே பலகையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், மயில் படம் போட்ட பிஸ்கட் டின் இருந்தது. மூலையில் அதே நசுங்கல்.

ரெபதி குடத்தோடு திரும்பினாள். அவளையும் பார்த்தாள், அவள் பார்ப்பதையும் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள் பதுமி.

"என்னது எத்தனை நாளா?"

"அவரு இங்க வந்துபோறது."

ரெபதிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அட பாவி மகளே. எனக்கு அறுபத்திரெண்டு வயசு. இருக்கிற பல்லு ஆறு."

"பல்லைத்தான் நானும் யோசிச்சேன். ஆறு பல்லை வச்சுக்கிட்டு என் பிட்டாவை என்ன பண்ணின?"

ரெபதி முக்காலி போட்டு ஏறி டின்னை இறக்கினாள். மூடி இறுக்கமாக இருந்தது. இருவருமாகப் பிடித்து இழுத்துத்தான் திறந்தார்கள்.

உள்ளே இலைக் கட்டுகள். இலை காய்ந்து பழுப்பேறியிருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று நார், அவளுடைய முடிச்சு. ஒன்று மட்டும் பிரிந்து கிடந்தது. அதில் மூன்று பிட்டா.

"ஒண்ணுகூட நான் தொடல" என்றாள் ரெபதி. "முடிச்சைப் பாத்துக்கோ."

பதுமி பார்த்தாள். நம்பாமல் ஒன்றைப் பிரித்தும் பார்த்தாள். நான்கு இருந்தன.

"காசு?"

"அவரு பாக்கு வித்த காசு."

"என் பிட்டாவை என்கிட்டயே எதுக்குக் காசு குடுத்து..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

"முச்சந்தியில அந்தப் பாக்கெட் பிட்டாக் கடை வந்துச்சுல்ல" என்றாள் ரெபதி. "அது வந்ததுல இருந்து உனக்குச் சரக்கு மிச்சம் வருதாம். மிச்சம் வந்த அன்னைக்கு நீ சோறு தின்ன மாட்டியாம். தட்டு முன்னாடி உக்காந்து கூடையையே பாப்பியாம். 'கடைசியில போய் ஒரு கண்டா எடுத்துட்டு வந்துரு அக்கா'ன்னாரு. நான் பேரம் பேசிடப் போறேன்னு அதுக்கும் தனியா ஒரு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

கொல்லையில் வாத்து கத்தியது. பதுமி டின்னின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு மாதமாக ஒரு கட்டுகூடத் திரும்பிக் கொண்டு வந்ததில்லை என்று அவள் ராத்திரிச் சாப்பாட்டில் பெருமை பேசியதும், "பாக்கெட்காரன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஓடப்போறான்" என்று அவர் ஒத்து ஊதியதும் காதில் விழுந்தன.

"அப்ப எதுக்கு இதைச் சேர்த்து வச்சீங்க?"

"நாலு கட்டு சேர்ந்ததும் அவருக்கு வேற யோசனை வந்துருச்சு. வீட்டுக்கு ஒரு பிட்டா. ஊருல எத்தனை வீடோ அத்தனை. நாளைக்கு மேஜி எரிஞ்சதும் தட்டுல வச்சு வீடு வீடாக் கொண்டுபோய், பதுமி குடுத்தனுப்பினான்னு சொல்லணும்னாரு. உன் டின்னை முதக் கட்டு வந்தப்பவே அவருதான் தூக்கிட்டு வந்தாரு. கஞ்சப்பிசினாறின்னு சொன்ன வாயெல்லாம் இதைத் தின்னட்டும்னு..."

"என்னைக் கேக்கணும்னு தோணல?"

"கேட்டா நீ விட்ருப்பியா?"

பதுமி விட்டிருக்க மாட்டாள். நாற்பது நாற்பதாக அத்தனை கட்டா என்று டின்னோடு சந்தைக்குத் தூக்கிப் போயிருப்பாள்.

"இன்னைக்குத் தின்னது?" என்று கேட்டாள். கேட்கும்போது குரல் சந்தைக் குரலாக இல்லை.

"காலையில வந்தாரு. நாளைக்குக் குடுக்கணும், முதக் கட்டு ஒரு மாசப் பழசு, எள்ளு காரல் வாடை அடிச்சுதுன்னா அவ பேரு கெட்டுப்போகும்னு சொல்லி ஒரு கட்டைப் பிரிச்சாரு. நான் வேணாம்னேன், அந்தத் துளசி மேல சத்தியமா வேணாம்னேன். நான் கடிச்சுப் பாக்குறேன்னேன். 'ஆறு பல்லுல ருசி எங்க தெரியும் உனக்கு'ன்னு அவரே கடிச்சாரு."

"கடிச்சு?"

"கண்ணை மூடிக்கிட்டு மென்னாரு. ரொம்ப நேரம்."

"என்ன சொன்னாரு?"

"'எள்ளு இவ்வளவு போடுறாளா!'ன்னாரு." ரெபதி மூக்கைச் சிந்தினாள். "அவ்வளவுதான் சொன்னாரு. மிச்சத்தை மடியில வச்சுக்கிட்டு வெளிய போனாரு. தண்ணி குடிச்சிட்டு வரேன்னு."

எள் என்ன விலை விற்கிறது என்று பதுமிக்குத் தெரியும். வெல்லத்தைக் கூட்டி எள்ளைக் குறைத்தால் ஒரு கண்டாவுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதும் தெரியும். பாக்கெட்காரன் அதைத்தான் செய்கிறான். அவள் செய்ததில்லை. ஏன் செய்யவில்லை என்று ஒருநாளும் யாரும் அவளைக் கேட்டதில்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டியவருக்கு ஆறு வருஷமாக அவள் ஒரு கடி கொடுத்ததில்லை.

வெளியே யாரோ தண்ணீர்க் குடம் எங்கே என்று கூப்பிட்டார்கள்.

"இப்ப இதை என்ன பண்றது?" என்றாள் ரெபதி டின்னைப் பார்த்து. "உங்க வீட்டுல சாவு விழுந்துருச்சு. சாவு வீட்டுப் பிட்டாவை யாரு கையில வாங்குவா? ஆத்துல போட்டுரவா?"

"இது என் வீட்டுப் பிட்டாவா?"

"பின்ன? உன் கை பண்ணினதுதானே."

"பண்ணினது என் கை. வித்தாச்சு. ஒரு கண்டாவுக்கு நாற்பது ரூபா எண்ணி வாங்கிப் பெட்டியில போட்டாச்சு. வாங்கினது நீ. உன் காசா அவர் காசான்னு வியாபாரத்துல எவன் கேக்குறான்? என் கூடையை விட்டுப் போன சரக்கு, உன் வீட்டுப் பலகையில இருக்கு. என் தீட்டு எப்படி இதுல ஒட்டும்?"

ரெபதி அவளை வாயைத் திறந்தபடி பார்த்தாள். ஆறு பல்லும் தெரிந்தன.

"நாளைக்குக் காலையில நீ போய்க் குடு."

"யாரு குடுத்தான்னு சொல்ல? உன் பேரைச் சொன்னா வாங்க மாட்டாங்க. என் பேரைச் சொன்னா நம்ப மாட்டாங்க. நான் எந்தக் காலத்துல எள்ளுப் பிட்டா சுட்டேன்?"

பதுமி கதவு வரை போய்விட்டாள். திரும்பாமலே சொன்னாள்:

"கேட்டா, கொசுறுன்னு சொல்லு."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். புது கமோசா அடியில் இருந்தது. வெள்ளையில் சிவப்புக் கரை, இரண்டு தலைப்பிலும் பூ. கஞ்சியின் மணம் இன்னும் போகவில்லை. முற்றத்துக்கு வந்து, பாடையில் வைத்திருந்தவர் மேல் அதை விரித்தாள். ஓரம் கோணியிருந்தது என்று எடுத்து மறுபடி விரித்தாள். தோளருகே சுருக்கம் விழுந்த இடத்தை நீவிவிட்டாள்.

"எடுக்கலாமா அண்ணி?"

"ம்."

நாலு பேர் தோளில் தூக்கினார்கள். மேஜிக்கு மூங்கில் ஏற்றிப் போன பையன்களில் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். 'சும்மாவாமே' என்று கேட்டவன் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தான். அவளைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

ஆண்கள் ஆற்றுப் பக்கம் போனதும் முற்றம் காலியாயிற்று. ஓரகத்தி சாணம் கரைத்துக்கொண்டு வந்தாள். வாளியை வைத்துவிட்டு நின்றாள். டின் விஷயமாக ஒரு மாதமாகப் பேச்சில்லை.

"டின் கிடைச்சுருச்சு" என்றாள் பதுமி.

"எங்க இருந்துச்சாம்?"

"இருந்த இடத்துலதான்."

ஓரகத்தி தலையை ஆட்டினாள். குனிந்து முற்றத்தை மெழுகத் தொடங்கினாள்.

பதுமி சமையலறை நடையில் உட்கார்ந்தாள். அடுப்பில் நெருப்பு இல்லை. இனிப் பத்து நாளைக்கு இந்த அடுப்பில் பொரியாது, வறுபடாது. வயலில் மேஜி இருட்டில் கோபுரமாக நின்றது. அதற்கு அப்பால் ஆற்றங்கரையில் ஒரு வெளிச்சம் எழுந்தது. இவ்வளவு தூரத்தில் எது மேஜி, எது மற்றது என்று தெரியாதவர்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் சாதர் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். பாதிப் பிட்டா இருந்தது. கடித்த இடம் வளைவாக, நடுவில் ஒரு பல் இல்லாத குறியோடு இருந்தது. உள்ளே எள் கறுப்பாக, நெருக்கமாக அடைந்திருந்தது. பிரித்ததில் இரண்டு எள் மெழுகிய தரையில் விழுந்தன. விரல் நுனியை நாக்கில் நனைத்து, அவற்றை ஒட்டி எடுத்து, வந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

ஒன்பது கட்டு. முப்பத்தாறு. ஊரில் வீடும் முப்பத்தாறு. கொழுந்தனும் இதே முற்றம் என்பதால் ஊர் வரி போடும்போது இரு குடும்பத்தையும் ஒரு வீடாகத்தான் எண்ணுவார்கள். முப்பத்தைந்து வீட்டுக்கு முப்பத்தைந்து, விடிந்ததும் ரெபதி கொண்டுபோவாள். இந்த வீட்டுக்கு ஒன்று. அதில் அவர் பங்கு பாதி போயிற்று.

தீட்டு கழிகிற வரை அவள் தொட முடியாது. மறுபடியும் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

பாக்கி, அரை.